பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டி: பதறாமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி: கார் ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேக வரம்பை ஒட்டித்தான் ஓட்டுவேன். ஆனால் பின்னால் ஒரு வண்டி நெருக்கமாக வந்து ஹாரன் அடித்தாலோ ஹெட்லைட்டை மின்னவிட்டாலோ உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. பயத்தில் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன். சில நேரம் எரிச்சலில் வேண்டுமென்றே மெதுவாகப் போயிருக்கிறேன். பதற்றப்படாமல் இருக்க என்ன வழி?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் பயம் நியாயமானது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருபவர் உங்களிடமிருந்து 5 மீட்டர் தள்ளி வருகிறார் என்றால் அவருக்கு இருக்கும் அவகாசம் கால் விநாடிகூட இல்லை. உங்கள் பிரேக் விளக்கைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பெடலுக்குக் கொண்டுபோக, கவனமாக ஓட்டுபவருக்கே ஒரு விநாடி ஆகும், பல நேரம் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் சடன் பிரேக் போட்டால் அவர் வந்து மோதுவார். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மோதுவார். இந்தக் கணக்கு எதுவும் போடாமலே உங்கள் உடம்பு ஆபத்தை உணர்ந்து அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால்தான் இதயம் படபடக்கிறது, கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது, கண் மறுபடி மறுபடி கண்ணாடிக்கே ஓடுகிறது.

எனவே 'அமைதியாக இரு' என்று மனதுக்குச் சொல்லிப் பெரிய பயன் கிடையாது. ஆபத்து அப்படியே இருக்கும்போது மனம் மட்டும் எப்படி அடங்கும்? ஆபத்தைக் குறையுங்கள், படபடப்பு தானாகக் குறையும். பின்பக்க இடைவெளி அவர் கையில் இருக்கிறது, அதை நீங்கள் மாற்ற முடியாது. முன்பக்க இடைவெளி முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

சாதாரணமாக முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி இருக்க வேண்டும். முன் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். அதே கம்பத்தை நீங்கள் அடையும்வரை எத்தனை விநாடி ஆகிறதோ, அதுதான் உங்கள் இடைவெளி. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டால் அதை நான்கு விநாடியாக்குங்கள். மழையில் இன்னும் கூட்டலாம். பிரேக்கைத் தொட வேண்டாம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். முன்னால் இடம் இருந்தால் எதற்கும் நீங்கள் அவசரமாக நிற்க வேண்டியிருக்காது. முன் வண்டி திடீரென்று நின்றாலும் நீங்கள் மெதுவாக, நீளமாகப் பிரேக் பிடிக்கலாம். பின்னால் இருப்பவர் கண் விழிக்கவும் அதில் நேரம் கிடைக்கும். அவருக்கும் சேர்த்து நீங்களே பிரேக் பிடிக்கிறீர்கள். அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது.

"இடம் விட்டால் நடுவில் யாராவது நுழைந்துவிடுவார்களே?" நுழையட்டும். மறுபடி காலைத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வந்தவரே அந்த இடத்தைப் பார்த்து ஓவர்டேக் செய்துவிட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது வழி விடுவது. இங்கேதான் பலருக்கும் தன்மானம் குறுக்கே வருகிறது. 'நான் சரியான வேகத்தில்தானே போகிறேன், ஏன் ஒதுங்க வேண்டும்?' என்ற கேள்வி எழும். முந்திச் செல்வதற்கான லேனில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால் தவறு உங்கள் பக்கமும் இருக்கிறது. பிறர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உங்கள் வேலையல்ல, அதற்குக் காவல்துறை இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியையும் கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டையும் பார்த்து, மெதுவான லேனுக்கு மாறுங்கள். ஒற்றைத் தடச் சாலை என்றால் அகலமான, கெட்டியான ஓரம் வரும்வரை காத்திருங்கள். முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள். ஜல்லி ஓரத்தில் வேகத்தோடு சக்கரத்தை இறக்கிவிடாதீர்கள். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன இரண்டு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பயத்தில் வேகத்தைக் கூட்டினால் அவர் விலக மாட்டார், அதே 5 மீட்டரில் கூடவே வருவார். ஆபத்து மட்டும் பெருகும்: 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரமோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. எரிச்சலில் மெதுவாக்குவதும், 'பாடம் கற்பிக்க' சட்டென்று பிரேக்கைத் தட்டுவதும் அதைவிட மோசம். நிற்க முடியாத தூரத்தில் இருப்பவரிடம் நிற்கச் சொல்கிறீர்கள், இடி வாங்கப் போவது உங்கள் முதுகு. உண்மையாகவே நிற்கவோ திரும்பவோ போகிறீர்கள் என்றால் வழக்கத்தைவிட முன்னதாகப் பெடலை லேசாக அழுத்தி விளக்கை எரியவிடுங்கள். அது எச்சரிக்கை.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை என்பதால் பின்னால் வரும் வண்டி உள்ளதைவிடத் தள்ளித் தெரியும். தூரத்தை உள்கண்ணாடியில் பார்த்து மதிப்பிடுங்கள். இரவில் பின் வண்டியின் ஹெட்லைட் கூசினால் உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலைத் தள்ளிவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். பார்த்த பிறகு கண்ணை உடனே முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் இருப்பவரை முறைத்துக்கொண்டே போனால் முன்னால் குறுக்கே வருபவரைத் தவறவிடுவோம். லாரி, பேருந்து என்றால் சீக்கிரமே வழி விட்டுவிடுவது நல்லது. அந்த ஓட்டுநர் உயரத்தில் இருப்பதால் உங்களைத் தாண்டியும் பார்ப்பார், ஆனால் நிற்க அவருக்கு அதிகத் தூரம் வேண்டும்.

சரி, இவ்வளவு செய்தும் நெஞ்சு படபடத்தால்? மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். தோளை இறக்குங்கள், விரல்களைத் தளர்த்துங்கள். அப்புறம், முன்னால் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சிக்னல் பச்சை... இடப்பக்கம் சைக்கிள்... வளைவு வருகிறது." கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக இருக்கும் முறை இது. வாய் சாலையைப் பற்றிப் பேசும்போது மனதுக்குள் அவரைத் திட்ட இடம் இருக்காது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் வேகமாகப் போனால் 'அவசர வேலை' என்போம், மற்றவர் போனால் 'ரவுடி' என்போம். பிறர் செயலுக்கு அவர் குணத்தைக் காரணமாக்கி, சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடும் இந்தப் போக்குக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் ஒரு பெயரே வைத்தார். ஒட்டிக்கொண்டு ஓட்டும் பலருக்குத் தாங்கள் நெருக்கமாக வருகிறோம் என்பதே தெரியாது. அவர் உங்களைத் துரத்தவில்லை. யார் பின்னால் போனாலும் அப்படித்தான் போவார்.

வண்டி எடுக்கும் முன் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். இருக்கையின் தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு இருக்கட்டும், பின்னந்தலைக்கு எவ்வளவு பக்கத்தில் வருமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும். பின்னாலிருந்து மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். பலர் அதைக் கீழே இறக்கியே வைத்திருக்கிறார்கள்.

வழி விட்டும் ஒருவர் முந்தாமல், நீங்கள் திரும்பும் இடத்திலெல்லாம் திரும்பி வந்தால் விஷயம் வேறு. அப்போது வீட்டுக்குப் போகாதீர்கள். காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள வெளிச்சமான இடத்துக்கோ ஓட்டிச் செல்லுங்கள். கதவைப் பூட்டியபடி உள்ளே இருந்தே காவல்துறைக்குப் போன் செய்யுங்கள். என்ன கேட்டாலும் கண்ணாடியை இறக்க வேண்டாம், இறங்கிப் போய்ப் பேசவும் வேண்டாம்.