திறமைசாலிகள் எத்தனையோ பேர் இருக்க, சிலருடைய படைப்பு மட்டும் ஏன் தலைமுறை தாண்டி நிற்கிறது?

பதக்கமும் புகழும் அல்ல, அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தும்படி எதையாவது விட்டுச்சென்றார்களா என்பதுதான் விஷயம் என்பேன்.

டிக் ஃபாஸ்பரியைப் பாருங்கள். 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்த உயரத்தைப் பலர் கடந்துவிட்டார்கள். நிலைத்தது அவர் தாண்டிய விதம். வளைவாக ஓடிவந்து, கம்பிக்கு முதுகைக் காட்டி, தலை முதலில் போக, உடம்பை வில்லாக வளைத்து, கடைசியில் கால்களை வெடுக்கென்று தூக்கிக்கொள்வார். இப்படி வளையும்போது உடம்பு கம்பிக்கு மேலே போனாலும் அதன் ஈர்ப்பு மையம், அதாவது எடை சமநிலை பெறும் புள்ளி, கம்பிக்குக் கீழேயே இருக்க முடியும். மணலில் விழும் காலமாக இருந்தால் கழுத்து போயிருக்கும்! நுரை மெத்தை வந்ததால் பிழைத்தது அந்த உத்தி. திறமைக்குக் காலமும் கைகொடுக்க வேண்டும்.

உடைக்கு உதாரணம் ரெனே லாகோஸ்ட். டென்னிஸ் வீரரான அவர், விறைப்பான முழுக்கைச் சட்டைக்குப் பதில் காற்றோட்டமான பின்னல் துணியில் அரைக்கைச் சட்டை போட்டு ஆடினார். அவர் வென்ற கோப்பைகளை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? அவர் பெயரில் வரும் சட்டையிலுள்ள முதலைச் சின்னத்தைத் தெரியாதவர் குறைவு.

அப்புறம் உணவு. 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எண்ணெயில் பொரிக்கும்போது ஈரம் ஆவியாகி, நூடுல்ஸில் நுண்துளைகள் விழும். வெந்நீர் ஊற்றினால் அவை வழியே நீர் புகுந்து மறுபடி மெத்தென்றாகும். அவரைவிட ருசியாகச் சமைத்தவர்கள் ஏராளம். அவர்கள் கைமணம் அவர்களோடு போயிற்று.