ஆயில் பெயின்டில் இம்ப்ரெஷனிச பாணியில் மலையும் ஏரியும் வரைவது எப்படி?

அக்ரிலிக்கில் கொஞ்சம் வரைந்து பழகியவர் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன். இம்ப்ரெஷனிசம் என்றால், நுணுக்கங்களை விட்டுவிட்டு அந்த நேரத்து ஒளியையும் நிறத்தையும் தனித்தனித் தீற்றல்களால் பிடிப்பது. மலை எப்படியோ வந்துவிடும், தண்ணீர்தான் படுத்தும். மலையை முழுசாக முடித்துவிட்டு, அப்புறம் நீல டியூபைப் பிதுக்கிக்கொண்டு ஏரிக்கு உட்காருவதுதான் இதற்குக் காரணம். ஏரி பெரும்பாலும் வானத்தையும் மலையையும்தான் திருப்பிக் காட்டுகிறது. அதனால் மலைச்சரிவுக்குக் கலந்த நிறம் பிரஷ்ஷில் இருக்கும்போதே, அதற்கு நேர் கீழே தண்ணீரிலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக வளரட்டும்.

பிம்பத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கரையில் வெளிச்சமாக இருப்பது நீரில் சற்று மங்கும். இருட்டாக இருப்பது சற்று வெளிறும். மலையைத் தலைகீழாக அப்படியே நகலெடுக்கவும் கூடாது. கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தெரியும்: மரங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் குன்று, தண்ணீரில் அந்த அளவுக்குத் தெரியாது, மரமே மறைத்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கண் இருந்து மேலே பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதைத்தான் பிம்பம் காட்டுகிறது. பென்சிலில் கோடு போடும்போதே இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிறங்கள் நிறைய வாங்காதீர்கள். இந்தப் பாணியின் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் மோனே, தான் பயன்படுத்தும் வண்ணங்களைப் பற்றி 1905ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை, அவ்வளவுதான். கறுப்பு இல்லை. மலை நிழலுக்கு அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பையும் விரிடியன் என்ற நீலச்சாயல் பச்சையையும் கலந்து பாருங்கள், கிட்டத்தட்டக் கறுப்பே வரும். கிரிம்சனைக் கூட்டினால் ஊதா கலந்த ஒயின் நிறம், விரிடியனைக் கூட்டினால் காட்டுப் பச்சை. தூரத்து மலைக்கு இதிலேயே வெள்ளையும் கோபால்ட் நீலமும் சேர்த்தால் போதும்.

வரையும்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இலை, பாறை எல்லாம் மறைந்து நாலைந்து பெரிய திட்டுகள்தான் மிஞ்சும். முதலில் அவற்றின் வெளிச்சம், இருட்டு சரியாக இருக்க வேண்டும். இது தப்பினால் மேலே எவ்வளவு அழகாகத் தீற்றினாலும் படம் நிற்காது. அப்புறம் பிரஷ்ஷில் பெயின்டைத் தாராளமாக எடுத்து, வைத்த இடத்தில் விட்டுவிடுங்கள். ஈரத்தின் மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேறுதான். ஒவ்வொரு தீற்றலுக்கும் நடுவே துணியில் பிரஷ்ஷைத் துடைப்பது சலிப்பான வேலை, ஆனால் நிறம் சுத்தமாக இருப்பது அதனால்தான். பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் குறுக்கே ஒரே ஒருமுறை லேசாக வருடினால் அலை வந்துவிடும். மின்னும் ஒளிப்புள்ளிகள் கடைசியில், கெட்டியாக, மிகச் சிலவே.

முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்த்ததாக இருக்கட்டும். மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) கூடலாம். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, பின்னால் வெடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, லின்சீட் எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகு எறியுங்கள்.