பி.எஸ்சி. ஜியாலஜி முடிக்கிறேன், அடுத்து என்ன? சேலம் வாசகிக்கு ஒரு பதில்

சேலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல், கடைசி வருஷம். வீட்டில் பி.எட். சேரு, இல்லை குரூப் 4 எழுது என்கிறார்களாம். எம்.எஸ்சி. வரை படித்தால் வேலை நிச்சயமா, காடு மேடு சுற்றும் இந்த வேலை பெண்களுக்குச் சரிப்படுமா, இதுதான் கேள்வி.

முதலில் பி.எட். விஷயத்தை முடித்துவிடுவோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜியாலஜி தனிப் பாடமாகவே இல்லை, பக்கத்துக் கேரளத்தில் ப்ளஸ் டூவில் உண்டு. இங்கே இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் பயிற்சி எடுத்து என்ன செய்வது? குரூப் 4 எழுதுவதில் தப்பில்லை, எழுதுங்கள். ஆனால் அதற்காக மூன்று வருஷம் கனிமமும் பாறையும் படித்திருக்கத் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எம்.எஸ்சி. கட்டாயம் படியுங்கள். பி.எஸ்சி.யோடு நின்றவர்களை இந்தத் துறை பெரும்பாலும் சாம்பிள் எடுக்கவும் கணக்கு எழுதவும்தான் வைத்துக்கொள்ளும், ஜியாலஜிஸ்ட் என்று கையெழுத்துப் போட விடாது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., முதுகலை கேட்கிறது. சுரங்கத் திட்டம் தயாரிக்கும் உரிமைக்கும் மைனிங் இன்ஜினியரிங் பட்டமோ ஜியாலஜியில் முதுகலையோ, அதோடு சுரங்கத்தில் மேற்பார்வை நிலையில் ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும் என்று விதியே இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும் என்கிற தேர்வுகளை விட்டால், ஜியாலஜி பி.எஸ்சி.க்கே திறந்திருக்கும் பெரிய பதவி எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: இந்திய வனப் பணி, ஐ.எஃப்.எஸ். அதற்குத் தகுதியான பட்டங்களில் ஜியாலஜியும் உண்டு, விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஃபாரஸ்ட்ரியோடு ஜியாலஜியைச் சேர்த்து எழுதுகிறவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் 'அரசு வேலை' என்றுதான் பிடிவாதம் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஜி.எஸ்.ஐ. 1851இல் தொடங்கிய நிறுவனம், தலைமையகம் கொல்கத்தா, அதற்குத் தலைவராக வந்த முதல் இந்தியர் தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன், ஆண்டு 1951. உள்ளே போக யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைன்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுத வேண்டும். முதல்நிலை பிப்ரவரியில், பொது அறிவு 100 மதிப்பெண், பாடம் 300. முதன்மைத் தேர்வு ஜூனில், மூன்று தாள், ஒவ்வொன்றும் 200. அப்புறம் நேர்முகம் 200. பொதுப் பிரிவுக்கு வயது 32 வரை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. இதில் பலர் கவனிக்காத ஒன்று: மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீரியல்) விஞ்ஞானி பதவிக்கும் இதே தேர்வுதான். முதல் இரண்டு முதன்மைத் தாள்கள் பொது, மூன்றாவது மட்டும் வேறு. நீரியலையும் சேர்த்துப் படித்தால் ஒரே உழைப்பில் இரண்டு பதவிக்கும் போட்டி போடலாம், ஆனாலும் பல பேர் ஹைட்ரோஜியாலஜியை "அது வேற சப்ஜெக்ட்" என்று கடைசி வரை தொடுவதில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்தில், பதிலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் இப்போதிருந்தே விடைகளைக் கையால் எழுதிப் பழகவேண்டும், படித்துக்கொண்டே இருந்தால் மட்டும் வராது.

இந்த ஒரு தேர்வையே நம்பி நான்கைந்து வருஷம் அறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. இடங்கள் கொஞ்சம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி ஜியாலஜிஸ்ட் தேர்வும் குரூப் தேர்வுகள் போல அடிக்கடி வருவதில்லை. தேர்வு எழுதுங்கள், கூடவே வேலையும் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

என்ன வேலை? இப்போதைக்கு அதிகம் ஆள் தேடுவது கனிமத் தேடலில். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தித் தேசியக் கனிமத் தேடல் அறக்கட்டளை என்று ஒன்றை உண்டாக்கினார்கள், அந்தப் பணத்தில் தனியார் தேடல் நிறுவனங்களும் இப்போது வேலை எடுக்கின்றன. 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024-25லிருந்து 2030-31க்குள் ஜி.எஸ்.ஐ. மட்டும் 1,200 தேடல் திட்டங்களை எடுக்க வேண்டும் என்பது இலக்கு. லித்தியம், கிராஃபைட், அரிய மண் தனிமங்கள் என்று செய்தியில் வருகிறதே, அதெல்லாம் இதில்தான்.

அந்த வேலையின் அன்றாடம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். டிரில் ரிக் தோண்டி எடுக்கும் பாறைத் தண்டு, கோர் என்பார்கள், அது பெட்டி பெட்டியாக வரும். எத்தனை மீட்டர் தோண்டியதில் எத்தனை மீட்டர் கோர் கிடைத்தது, 10 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நின்ற துண்டுகள் மொத்தம் எவ்வளவு, பாறை எந்த ஆழத்தில் மாறுகிறது, தாது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிறகு கோரை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதியை லேபுக்கு அனுப்பி மறு பாதியைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை, ஆரம்பச் சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. ஆனால் இரண்டு வருஷம் இந்தப் பதிவு வேலையை, அதாவது லாகிங்கை, ஒழுங்காகச் செய்தவர் அந்த அனுபவத்தை வைத்தே ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பிக்கிறார். ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிப்படி ஒரு கனிம இருப்பு அறிக்கைக்குப் பொறுப்பேற்கிறவருக்கு அந்த வகைக் கனிமத்தில் குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் வேண்டும், அதோடு அங்கீகரித்த தொழில் அமைப்பில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சர்பேக், டேட்டாமைன், லீப்ஃபிராக் போன்ற மென்பொருள்களில் ஒன்று கைவந்தால் வேகமாக மேலே போகலாம்.

அடுத்து தண்ணீர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை, விரிசலில்தான் தண்ணீர். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்கு இன்றும் ஊரில் கூட்டம் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை நிலத்தடி நீர் எடுக்க அனுமதி கேட்டுப் போனால் நீரியல் அறிக்கை வைக்க வேண்டும், அங்கே தேங்காய் செல்லாது. நிலத்தடிப் பாறையின் மின்தடையை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், கம்பி நட்டு, அளவெடுத்து, அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவருக்குச் சொந்த ஊரிலேயே பிழைப்பு உண்டு. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களும் அங்கீகாரம் பெறுவதற்கு ஜியாலஜி, ஹைட்ரோஜியாலஜி நிபுணர்களை வைத்திருக்க வேண்டும். குவாரிகள் நிறைந்த மாநிலத்தில் இதற்கு வேலை குறைவதே இல்லை. அறிக்கைகளின் தரம் என்ன லட்சணம் என்பது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

சுரங்கப்பாதை வேலையைப் பற்றி இங்கே கல்லூரிகளில் யாரும் பேசுவதில்லை. இமயமலையில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதை 125 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு முகப்புப் பாறையைப் பார்த்து விரிசல்களை வரைந்து, பாறையின் தரத்தைச் சொல்லும் ஆர்.எம்.ஆர். அல்லது க்யூ மதிப்புக் கணக்கிட்டு, எந்த அளவு தாங்கல் போடலாம் என்று சொல்வது இன்ஜினியரிங் ஜியாலஜிஸ்ட். ராத்திரி ஷிப்டும் உண்டு, குளிரும் உண்டு. தனியாரில் தொடக்கத்திலேயே ஓரளவு நல்ல சம்பளம் தரும் பிரிவு என்றால் என் கணக்கில் இதுதான்.

எண்ணெய் பற்றி ரொம்பக் கனவு வேண்டாம். ரிக்கில் மட் லாகர் வேலை, அதாவது தோண்டும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துகளைப் பார்த்துப் பதிவு செய்வது, 12 மணி நேர ஷிப்ட். கச்சா எண்ணெய் விலை சரிந்தால் முதலில் ஆள் குறைப்பது அங்கேதான், 2014க்குப் பிறகு நடந்ததைப் பார்த்தோம். ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில் வரைபடம் போடும் வேலை உண்டு, உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், ஆனால் ஜியாலஜி தெரியாதவரும் செய்கிற வேலை அது. அதற்கான கியூஜிஸ் மென்பொருள் இலவசம், கற்றுக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெண்கள் விஷயம். 1983இல் அண்டார்டிகா போன முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர் சுதீப்தா சென்குப்தா, ஜியாலஜிஸ்ட், மலையேற்றம் முறையாகப் பயின்றவர். ஜி.எஸ்.ஐ. ஃபீல்டு முகாம்களுக்குப் பெண் அதிகாரிகள் போகிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்ய 1952 சட்டம் தடை போட்டிருந்தது, 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு அதைத் தளர்த்தினார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும்: சின்னத் தனியார் நிறுவனங்களின் தேடல் முகாம்களில் கழிப்பறையும் தங்குமிடமும் பல இடத்தில் மோசம். வேலையில் சேரும் முன் "கேம்ப்பில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, தங்குவது எங்கே" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

எம்.எஸ்சி. எங்கே? ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். கடைசி வருஷத்திலேயே எழுதலாம். தேதி தாண்டிவிட்டதா, கவலையில்லை: சென்னைப் பல்கலை, அண்ணா பல்கலை, அண்ணாமலை, உங்கள் ஊரிலேயே பெரியார் பல்கலை எல்லாவற்றிலும் இந்தத் துறை இருக்கிறது. சந்திரயான்-2க்கு நிலவின் மண்ணைப் போலவே ஒன்று தேவைப்பட்டபோது இஸ்ரோவுக்குக் கைகொடுத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை, அந்த வேலையில் பெரியார் பல்கலை ஜியாலஜித் துறைக்குப் பங்கு உண்டு. ஆராய்ச்சிப் பக்கம் மனம் போனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்குங்கள், மாதம் 37,000 உதவித்தொகை.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். பிரண்டன் காம்பஸும் 10 மடங்கு லென்ஸும் துறையில் இரவல் கேட்டு வாங்கி, கஞ்சமலையின் இரும்புப் பாறையில் ஒரு சின்னப் பகுதியை நீங்களே அளந்து வரைபடம் போடுங்கள். தனியாகப் போக வேண்டாம், வகுப்பில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறை அடுக்கு போகும் திசை (ஸ்ட்ரைக்), அது சாயும் கோணம் (டிப்), பாறை எல்லை, ஒரு குறுக்குவெட்டு, நான்கு பக்க அறிக்கை. நேர்முகத்தில் "என்ன ஃபீல்டு வேலை செய்தீர்கள்" என்று கேட்கும்போது கல்லூரி டூரைச் சொல்லாமல் இதை எடுத்து மேசையில் வையுங்கள்.