கல்லூரிப் பாடங்களில் எவ்வளவு அடிக்கடி தேர்வு வைக்க வேண்டும்?

ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் போடுவதற்கு அவை போதும். பாடம் மனத்தில் தங்குவதற்குப் போதாது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் இரண்டு உரைப்பகுதிகளைப் படித்துவிட்டு, ஒன்றை மீண்டும் படித்தார்கள். மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்த பகுதியே கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்ததில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடும் தங்கியிருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படித்த பாடம் அடுத்த பருவத்தில் புதிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே வாரம் ஒருமுறை, வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில், அரைத்தாளில் நான்கைந்து கேள்விகள் என்பதே என் பரிந்துரை. அவற்றுள் ஒன்றாவது மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து வர வேண்டும். வெப்ப இயக்கவியல் வகுப்பென்றால், புத்தகத்தை மூடிவைத்து என்ட்ரோப்பியைச் சொந்த வார்த்தையில் விளக்கச் சொல்லலாம். இதற்கு மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால்தான் பயம் விலகும். அறுபது தாள்களை ஆசிரியர் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விடையைக் கரும்பலகையில் எழுதியதும் மாணவர்கள் தாங்களே அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.