எத்தனை குழு கேட்டாலும் மென்பொருள் பிரித்துத் தரும்!

ஆய்வும் எண்ணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உளவியலில் பிஎச்.டி. செய்கிறேன். கேள்வித்தாள் கொடுத்து டேட்டா எடுத்தாகிவிட்டது. ‘லேட்டன்ட் கிளாஸ் அனாலிசிஸ் போட்டுப் பாருங்கள்’ என்கிறார் கைடு. எனக்கு கே-மீன்ஸ் கிளஸ்டரிங் தெரியும். அதுவே போதாதா?

போடலாம், ஓடும், மூன்றோ நான்கோ குழுக்களும் கைக்கு வந்துவிடும். ஆனால் கே-மீன்ஸ் பார்ப்பது தூரத்தை மட்டும்தான். யார் எந்த மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆம்/இல்லை என்று பதில் சொன்னவர்களுக்கு நடுவே தூரத்தை அளந்து என்ன செய்வது? லேட்டன்ட் கிளாஸ் வேறு விதமாக யோசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சில குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ சொல்ல ஒரு நிகழ்தகவு உண்டு, நம் கையில் இருப்பது இதெல்லாம் கலந்த கலவை என்று வைத்துக்கொண்டு, அந்தக் கலவையிலிருந்து பின்னோக்கிப் போய்க் கணக்குப் போடுகிறது. சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்ட் 1950-இல் முன்வைத்த யோசனை இது.

எண்ணில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். 1,000 பேர், 500 பேர் ஒரு குழு, 500 பேர் இன்னொன்று. முதல் குழுவில் எந்தக் கேள்விக்கும் 90 சதவீதம் பேர் ‘ஆம்’ என்பார்கள், இரண்டாவதில் 10 சதவீதம் பேர்தான். ஒரு குழுவுக்குள் கேள்விகளுக்கு நடுவே எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது இரண்டு கேள்விக்குமே ‘ஆம்’ சொன்னவர்கள் எத்தனை? முதல் குழுவில் 405, இரண்டாவதில் 5, ஆக 410. குழுவே இல்லை, கேள்விகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால் 250 பேர்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் 160 பேர்தான் உள்ளே கலவை இருக்கலாம் என்பதற்கான தடயம். குழுவைப் பிரித்துவிட்டால் தொடர்பு மறைந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரமே. ஆனால் ஒன்றோ இரண்டோ கேள்விகளை மட்டும் வைத்துப் பின்னோக்கிப் போக முடியாது. இரண்டு குழுக்களுக்கே குறைந்தது மூன்று ஆம்/இல்லை கேள்விகள் வேண்டும்.

கேள்வி: எத்தனை குழு என்று எப்படி முடிவு செய்வது? ‘பிஐசி குறைவாக இருப்பதை எடு’ என்கிறார்கள். என் டேட்டாவில் அது குறைந்துகொண்டே போகிறதே!

பிஐசி என்பது மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது, அதற்காக எவ்வளவு சிக்கலாகிறது என்ற இரண்டையும் சேர்த்துத் தரும் மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது. பெரிய சாம்பிள் என்றால் அது குறைந்துகொண்டேதான் போகும். ஒரு குழுவில் ஆரம்பித்து ஆறு, ஏழு வரை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள் (ஒரே குழு மாடலையும் கட்டாயம் ஓட்டுங்கள், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்). பிஐசி எங்கே வேகமாக இறங்கி, எங்கே மெல்ல நகர ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். k குழுவா k-1 குழுவா என்று பார்க்க வழக்கமான கை-ஸ்கொயர் ஒப்பீடு இங்கே செல்லாது, அதற்குப் பூட்ஸ்ட்ராப் (மாடலிலிருந்தே செயற்கை டேட்டாவைத் திரும்பத் திரும்ப உண்டாக்கி ஒப்பிடும்) முறையிலான சோதனை இருக்கிறது. என்ட்ரோப்பி 0.8-க்கு மேல் வந்துவிட்டது என்று அதை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆட்களை எவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடிகிறது என்பதைத்தான் அது சொல்லும், எத்தனை குழு என்பதை அல்ல.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு கிராஃப் போடுங்கள்: கீழே கேள்விகள், மேலே ஒவ்வொரு குழுவிலும் ‘ஆம்’ சொல்லும் நிகழ்தகவு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறதா? அப்படியென்றால் நீங்கள் பிடித்தது மூன்று வகை மனிதர்களாக இல்லாமல், ஒரே அளவுகோலை மூன்றாக நறுக்கியதாக இருக்கலாம். குழுக்களுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான அளவுகோல் இருப்பதாக வைத்துக்கொள்ளும் ஃபேக்டர் மாடலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் தீசிஸில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஆர் மென்பொருளில் லேட்டன்ட் கிளாஸுக்கான போஎல்சிஏ (poLCA) பேக்கேஜ் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. நேற்று முதல் குழுவாக இருந்தது இன்று மூன்றாவது!

இரண்டு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. குழு எண் மாறுவது பிரச்சினையே இல்லை, குழுக்களுக்கு இயல்பான வரிசை கிடையாது. ஆனால் நிகழ்தகவுகளே மாறுகின்றன என்றால் கவனிக்க வேண்டும். உள்ளே ஓடுவது இஎம் அல்காரிதம், 1977-இல் டெம்ஸ்டர், லெயர்ட், ரூபின் மூவரும் பொது வடிவம் கொடுத்தது. அது ஏதோ ஓர் இடத்தில் ஆரம்பித்து, படிப்படியாக மேலே ஏறி, முதலில் கிடைக்கிற உச்சியில் உட்கார்ந்துவிடும். அதைவிட உயரமான உச்சி பக்கத்திலேயே இருந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் பல இடங்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். போஎல்சிஏ-வில் எத்தனை முறை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லும் ‘என்ரெப்’ (nrep) என்ற அமைப்பு சும்மா விட்டால் 1-தான், அதை 50, 100 என்று ஏற்றுங்கள். மிக உயர்ந்த லாக்-லைக்லிஹுட் (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, அந்த உச்சியின் உயரம்) திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். நூறில் ஒரே ஒரு முறை வந்து மறைந்தால், டேட்டா தாங்குவதைவிட அதிகக் குழு கேட்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். அப்புறம், அந்தப் பேக்கேஜுக்குப் பதில்கள் 1, 2 என்று இருக்க வேண்டும். 0, 1 என்று கொடுத்தால் ஏற்காது. முதல் நாள் தலைவலி பாதி இதனால்தான்.

கேள்வி: கணக்கில் நான் வீக். கற்றுக்கொள்ள முடியுமா?

நிபந்தனை நிகழ்தகவும் (இன்ன குழு என்றால் ‘ஆம்’ சொல்ல எவ்வளவு வாய்ப்பு) பேயஸ் விதியும் (‘ஆம்’ சொன்னால் இன்ன குழுவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு) புரிந்தால் போதும், மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘இந்தக் குழுக்கள் நிஜமாகவே இருக்கின்றனவா?’ என்று ரிவ்யூவர் கேட்டிருக்கிறார். என்ன பதில் சொல்வது?

நியாயமான கேள்வி. இதில் எனக்குப் பிடித்த கதை நண்டுகளுடையது. நேப்பிள்ஸில் பிடித்த 1,000 நண்டுகளை விலங்கியலாளர் வெல்டன் அளந்தார். நெற்றி அகல விகிதத்தின் பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு வகை நண்டுகள் கலந்திருக்குமோ என்ற சந்தேகம். 1894-இல் கார்ல் பியர்சன் இரண்டு நார்மல் (மணி வடிவ) வளைவுகளைக் கலந்து அதில் பொருத்திக் காட்டினார். கையால் ஒன்பதாம் படிச் சமன்பாட்டைத் தீர்த்து! அடுத்த ஆண்டே அதே பியர்சன், கலப்பில்லாத ஒரே குழுவிலும் சாய்வு வரலாம் என்று அதற்கெனத் தனி வளைவுக் குடும்பத்தையே கொண்டுவந்தார். ஆக, சாய்ந்த ஒரு குழுவும் இரண்டு குழுக்களின் கலவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருத்தத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

நீங்களே செய்து பாருங்கள். ஆர்-இல், ஒரு பக்கம் சாய்ந்த லாக்நார்மல் பரவலிலிருந்து 1,000 எண்கள் எடுத்து, நார்மல் வளைவுகளின் கலவையாகக் குழு பிரிக்கும் எம்கிளஸ்ட் (mclust) பேக்கேஜிடம் கொடுங்கள். ஒரே குழுதான், நீங்களே உண்டாக்கியது. அது கூசாமல் இரண்டு, மூன்று என்று பிரித்துத் தரும். இதை ஒரு முறை பார்த்தவர்கள் ‘கண்டுபிடித்தோம்’ என்று எழுதும்போது கொஞ்சம் யோசிப்பார்கள்.

ரிவ்யூவருக்கு வெளிச் சான்று காட்டுங்கள். மாடலில் சேர்க்காத ஏதாவது ஒன்றில் குழுக்கள் வேறுபடுகின்றனவா? புது சாம்பிளிலும் அதே குழுக்கள் வருகின்றனவா? ஏஆர்டிஎஸ் என்ற கடுமையான நுரையீரல் பாதிப்பில் 2014-இல் வெளிவந்த ஆய்வு நல்ல உதாரணம். இரண்டு மருத்துவப் பரிசோதனைகளின் டேட்டாவில் தனித்தனியாக லேட்டன்ட் கிளாஸ் போட்டார்கள், இரண்டிலும் அதே இரு குழுக்கள் வந்தன. அழற்சி அதிகமான குழுவில் இறப்பும் அதிகம். அதைவிட முக்கியம், வென்டிலேட்டர் அழுத்தத்தை மாற்றியபோது இரு குழுக்களும் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டின. இந்த அளவு சான்று எல்லோருக்கும் கிடைக்காது, சரி, ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதாவது தெரியும்.

கேள்வி: குழு எண்ணை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே போட்டு, அதை வைத்து ரிக்ரெஷன் ஓட்டிவிட்டேன். சரிதானே?

முழுக்கச் சரியில்லை. மேலே சொன்ன 1,000 பேருக்கே திரும்புவோம். இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ சொன்னவர் முதல் குழு என்பதற்கு 405/410, கிட்டத்தட்ட 99 சதவீதம். முதலாவதுக்கு ‘ஆம்’, இரண்டாவதுக்கு ‘இல்லை’ சொன்னவரோ? அப்படிச் சொன்னவர்கள் இரு குழுவிலும் தலா 45 பேர், பாதிக்குப் பாதி. உங்கள் ரிக்ரெஷன் இருவரையும் ஒரே உறுதியோடு நடத்துகிறது, அதனால் குழுக்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். வகைப்பாட்டுப் பிழையையும் கணக்கில் எடுக்கும் மூன்று-படி முறைகள் இருக்கின்றன. பிசிஹெச் (BCH) என்று தேடினால் கிடைக்கும். எம்பிளஸ், லேட்டன்ட் கோல்டு ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் இந்தத் திருத்தம் உண்டு.

கேள்வி: குழுக்களுக்கு ‘தன்னம்பிக்கை இல்லாதவர்கள்’ என்பது போலப் பெயர் வைக்கலாமா?

கேள்வித்தாளில் என்ன கேட்டீர்களோ அதைத் தாண்டாத பெயராக வையுங்கள். ஒரு கேள்விக்கு அந்தக் குழுவின் நிகழ்தகவு 0.55 என்றால், கிட்டத்தட்ட பாதிப் பேர் மறுத்திருக்கிறார்கள், அந்தக் கேள்வியை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். பெயருக்குப் பக்கத்திலேயே நிகழ்தகவு அட்டவணையையும் கொடுத்துவிடுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் பார்த்து வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.