பழைய தேவாலயத்தைச் சமூகக் கூடமாக்கும் முன்

கேள்வி: எங்கள் தேவாலயம் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டது, வயது 150. ஞாயிறு வழிபாட்டுக்கு 40 பேர்தான் வருகிறார்கள். மற்ற நாட்களில் அங்கே இசை வகுப்பு, முதியோர் சந்திப்பு, சிறு நூலகம் நடத்த விரும்புகிறோம். ஓதம் ஏறிய சுவர்களுக்குச் சிமென்ட் பூசி, பெஞ்சுகளை அகற்றி, தாழ்வாகப் பொய்க்கூரை போட்டால் போதும் என்கிறது எங்கள் குழு. சரிதானா?

பதில்: பெஞ்சுகளைப் பற்றிப் பேசலாம். மற்ற இரண்டையும் தயவுசெய்து நிறுத்திவையுங்கள்.

சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் ஈரத்தை வாங்கும், பூச்சின் வழியே திரும்ப வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. அது இன்னும் உயரே ஏறும். அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லின் முகத்தையே உடைக்கும். இப்படிச் சிமென்ட் பூசிய சுவர்களை நான் தட்டிப் பார்த்திருக்கிறேன். டொக்கென்று வெற்று ஓசை வரும். விரலால் நெம்பினால் பூச்சு தட்டுப் போலப் பெயர்ந்து வரும். பின்னால் வெள்ளைப் பொடி, அதற்கும் பின்னால் மாவாய் உதிரும் கல்.

ஓதத்தின் காரணம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். உடைந்த மழைநீர்க் குழாய், அடைத்துக்கொண்ட கூரை வடிகால், உள்தரையைவிட மேடாகிவிட்ட வெளிமண். முதலில் கூரையையும் இவற்றையும் சரிசெய்யுங்கள். பிறகு சுவர் காய மாதக்கணக்கில் விடுங்கள். தடித்த சுவர் ஓர் ஆண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளலாம், அவசரப்படாதீர்கள். காய்ந்த பின் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு. பிளாஸ்டிக் கலந்த பெயின்ட்டும் ஈரத்தை அடைத்துவிடும், அது வேண்டாம்.

அடுத்து பொய்க்கூரை. பேச்சு புரியவில்லை, எதிரொலிக்கிறது என்பதால்தான் அதைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். நியாயமான குறைதான். ஆனால் கூரையை மறைத்துவிட்டால் தூலத்தில் ஒழுகும் நீர் கண்ணில் படாது. காற்றோட்டம் குறைந்து மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். எதிரொலிக்கு வேறு வழி இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீராக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளருக்கு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதிப்படி, 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் உள்ள கூடத்தில் ஒலியை உறிஞ்சும் பரப்பு 120 சதுர மீட்டருக்கு ஈடாக இருந்தால் ஒலி அடங்க 4 நொடி ஆகும். அந்தப் பரப்பை இரட்டிப்பாக்கினால் 2 நொடி. பேச்சுக்கு 1 நொடி போதும். சேர்ந்திசைக்கோ 2 நொடி இனிமை. ஆகவே இழுத்து மூடித் திறக்கும் கனத்த திரைகள், தரைவிரிப்புகள், புத்தகம் நிறைந்த அலமாரிகளை வையுங்கள். முதியோர் கூடும்போது திரையை இழுத்து மூடிவிட்டு, அவர்களுக்கு அருகில் சிறு ஒலிபெருக்கிகளை வையுங்கள். இசை வகுப்பின்போது திரையைத் திறந்துவிடலாம்.

புதிதாகச் சேர்க்கும் எதுவும் பின்னாளில் காயமின்றிக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் துறவியர் தேவாலயம் 2006-இல் புத்தகக் கடையானது. அங்கே நடுக்கூடத்தின் ஒரு பக்கமாகக் கரிய எஃகில் பல தளப் புத்தக அடுக்கு உயர்ந்து நிற்கிறது. படியேறுபவர் வளைவுகளின் அருகே போய்ப் பார்க்கலாம். உங்கள் சிறு நூலகத்துக்கும் சுவரில் துளையிடாத, தானே நிற்கும் அலமாரிகள் போதும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் இதையே கேட்கிறது: பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றாதீர்கள்.

பெஞ்சுகளை எண்ணிட்டுப் படமெடுத்த பிறகே நகர்த்துங்கள். அடியில் கல்லறைப் பலகைகள் இருக்கலாம். சில இடங்களில் தரையே பாவப்படாமல் வெறும் மண்ணாக இருக்கும். பீடத்தின் அருகே சில வரிசைகளை அப்படியே விடுங்கள். அங்கே திருமணம் செய்துகொண்டவர்கள் இன்னும் உங்கள் சபையில் இருப்பார்கள். எதையும் அசைக்கும் முன் அவர்களிடம் பேசுங்கள்.

கழிப்பறைக்கான குழியைத் தோண்டும்போது எலும்புகள் தென்பட்டால் அங்கேயே வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வாசலில் 45 சென்டிமீட்டர் உயரப் படி இருந்தால், 1-க்கு 12 என்ற சரிவில் (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) சாய்தளத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இப்போதே இடம் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவுகள் கூட்டம் முண்டும்போது ஆபத்தானவை. அவற்றைப் பற்றித் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். மரபுச் சின்னப் பட்டியலில் கட்டடம் உள்ளதா என்பதையும், திருச்சபை மேலிடத்தின் அனுமதி தேவையா என்பதையும் வரைபடம் போடும் முன்பே விசாரியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அடுத்த கனமழையில் குடையுடன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நீர் எங்கே சுவரில் வழிகிறது, எங்கே அடிவாரத்தில் தேங்குகிறது என்று படமெடுத்து, குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தப் படங்களை மேசையில் வையுங்கள்.