அடிபட்ட பைக்கைப் பிரித்து விற்கும் முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள்

கேள்வி: ஓரமாக நிறுத்தியிருந்த என் பைக்கை ஒரு லாரி இடித்துவிட்டது. ஃபோர்க் வளைந்துவிட்டது, சேசிஸின் முன்பகுதியும் திரும்பிவிட்டது, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு ஆறு வயது, ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. லோன் கட்டி முடித்துவிட்டேன், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் நிமிர்த்தி ஓட்டலாம் என்கிறார். ஸ்பேர்ஸ் வியாபாரி ஒருவர், ஆர்.சி. புக்கோடு கொடுத்தால் நல்ல விலை தருகிறேன் என்கிறார். சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் இன்னும் வரவில்லை. ரிப்பேர் செய்வதா, பிரித்து விற்பதா?

பதில்: முதலில் அந்த வியாபாரிக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஓடவே முடியாத வண்டிக்கு ஆர்.சி. எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் வைத்து ஒரு திருட்டு வண்டிக்குப் புதுப் பெயர் கொடுக்க முடியும், ஆர்.சி.க்குத் தனியாக விலை கிடைப்பது அதனால்தான். அந்த வண்டி நாளை யாரையாவது இடித்தால் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றினால் எது விபத்தில் போனது, எது நீங்கள் எடுத்தது என்ற கேள்வி வரும், கிளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது போதும். போலீஸில் வழக்குப் பதிவாகியிருந்தால் வண்டி ஒரு சாட்சியப் பொருளும் கூட. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்தாரா என்று கேளுங்கள். வண்டியை நீதிமன்றம் மூலம் பத்திரம் எழுதிக் கொடுத்து எடுத்திருந்தால், விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இருக்கும், அந்த உத்தரவை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள், வண்டியின் மதிப்பாகக் கம்பெனி ஒத்துக்கொண்ட தொகை அது. வண்டியை மீட்டுப் பழுது பார்க்கும் செலவு, பாலிசி நிபந்தனைப்படி கணக்கிட்டால், அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுவதும் போனதாகவே கணக்கு. ஐ.டி.வி. 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லை 30,000. அதைத் தாண்டாவிட்டால் ரிப்பேர் கிளெய்ம்தான், அதில் உங்கள் கையிலிருந்து போவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஐந்து வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி தேய்மானமாகக் கழிப்பார்கள் (தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்த்திருந்தால் அது வேறு). கூலிக்குத் தேய்மானம் கிடையாது. 75 சதவீதம் பார்ப்பது மொத்த எஸ்டிமேட்டை வைத்தா, தேய்மானம் கழித்த தொகையை வைத்தா என்பதில்தான் அடிக்கடி தகராறு வருகிறது, அதனால் கணக்குத் தாளையும் சர்வே அறிக்கையின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் சொன்னதே முடிந்த முடிவு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

டோட்டல் லாஸ் என்று முடிவானால் இரண்டு வழி. உடைந்த வண்டியைக் கம்பெனியிடமே விட்டுவிடலாம், அல்லது அதன் சால்வேஜ் மதிப்பை (உடைந்த நிலையில் அது போகும் விலை) கழித்துக்கொண்டு மீதிப் பணத்தையும் வண்டியையும் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். விட்டுவிடுகிறீர்கள் என்றால், சால்வேஜ் எடுப்பவர் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்துக் கேட்பார். வாங்குபவர் பெயர், தேதி நிரப்பாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் லேட்டாகும் என்று பயமுறுத்தினாலும் போடாதீர்கள்.

உங்கள் வண்டி விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், சேசிஸ் திரும்பிய பைக்கை நிமிர்த்தி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஹேண்டில் பிடிக்கும் இடத்தில் ஃப்ரேமைச் சூடு காட்டி நிமிர்த்தினாலோ வெல்டிங் வைத்தாலோ அதன் பலத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஓட்டப் போகிறீர்கள். ஃப்ரேமையே மாற்றுவதென்றால் எண் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. இன்னொன்று, டோட்டல் லாஸ் பணம் வாங்கிய பிறகு பழைய பாலிசி முடிந்துவிடும். அந்தத் தாளில் தேதி மிச்சம் இருக்கிறது என்று நம்பி வண்டியை ரோட்டில் இறக்கினால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிற மாதிரிதான்.

ஆக, டோட்டல் லாஸ் கிடைத்தால் வண்டியை வைத்துக்கொண்டு பிரித்து விற்பது உங்களுக்கு லாபமாக இருக்கலாம், எஞ்சின் நன்றாக இருப்பதால். ஆனால் ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு வேலை பாக்கி. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கடன் முடிந்ததற்கான ஃபாரம் 35-ம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து அவர்கள் பெயரை நீக்குங்கள். கடனை அடைத்தாலும் இது தானாக நடக்காது, நீக்காவிட்டால் கிளெய்ம் பணமும் அவர்கள் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஆர்.சி. ரத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 55-வது பிரிவுப்படி, இனி நிரந்தரமாக ஓட முடியாத வண்டியைப் பற்றி 14 நாளுக்குள், அல்லது முடிந்தவரை சீக்கிரம், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். சேசிஸ் எண் உள்ள துண்டைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், ரத்து உத்தரவைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

எஞ்சினை விற்கும்போது எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீதும், வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் வைத்துக்கொள்ளுங்கள். ரத்து உத்தரவின் நகலை அவருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் திருட்டுப் பொருள் வாங்கினாயா என்று பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 317-வது பிரிவைக் காட்டி அவரைத்தான் கேட்பார்கள். எண்ணுள்ள ஃப்ரேமை மட்டும் முழுசாக யாருக்கும் விற்காதீர்கள். பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள், எஞ்சின் இல்லாத வண்டியை எடுப்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்து விற்கவெல்லாம் நேரம் இல்லை என்றால் முழு வண்டியையும் அங்கேயே விட்டுவிடலாம், பணம் கொஞ்சம் குறையும், தலைவலி இருக்காது.

கடைசியாக, லாரியை மறந்துவிடாதீர்கள். நிறுத்தியிருந்த வண்டியை இடித்தது அவர்கள் தவறு. உங்கள் பாலிசியில் கிடைக்காமல் போன தொகையை லாரியின் உரிமையாளரிடமும் அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், சொத்துச் சேதத்துக்கும் அங்கே மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதனால் கிளெய்ம் முடியட்டும் என்று காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆர். நகல், வண்டியின் படங்கள், எஸ்டிமேட் மூன்றையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள்.